நாலாவது வரி

கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று நீங்கள் யாராவது எப்போதாவது யோசித்துப் பார்த்ததுண்டா? முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த யோசனை வர வேண்டிய அவசியமில்லை, முட்டை எடுக்கிறவர்களுக்கோ யோசிக்க நேரமில்லை, ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்: கிடையாது. பொங்கலுக்கும் கிடையாது, ஓட்டுப் போடுகிற நாளுக்கும் கிடையாது, ஊரே மாரியம்மன் பண்டிகைக்கு மஞ்சள் தண்ணி ஊற்றிக்கொண்டு திரியும்போதும் எங்கள் ஊஞ்சக்காட்டுப்புதூர் பண்ணையின் எட்டு ஷெட்டிலும் கோழிகள் கூண்டுக்குள் நின்றபடி முட்டையிடும், இட்ட முட்டை சரிவான கம்பி மேல் உருண்டு முன்னால் வந்து நிற்கும், நின்றதை யாராவது எடுத்து அட்டையில் அடுக்கியே ஆக வேண்டும், அடுக்காமல் விட்டால் பின்னால் வருகிற முட்டை அதை இடித்து உடைக்கும், உடைந்ததைக் கொத்தி ருசி கண்ட கோழி மறுநாளிலிருந்து நல்ல முட்டையையும் உடைக்கப் பழகிவிடும்.

மூன்றாம் ஷெட்டில் அந்த யாராவது என்பது நாங்கள் மூன்று பேர். செல்லாயக்கா, பரிமளா, நான். செல்லாயக்கா பண்ணை தொடங்கின நாளிலிருந்து பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் இறந்த அன்று, உறவுக்காரர்கள் வந்து சேர மதியம் ஆகும் என்று தெரிந்ததும், காலை முட்டையை அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்து அழுதவர். பரிமளா தன் மகனைத் திருச்செங்கோட்டில் ஹாஸ்டலில் சேர்த்து ஒன்பது மாதமாகியும் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு மூன்று வயதில் தர்ஷிகா என்று ஒரு மகள், அவள் அப்பா முட்டை லாரியோடு கேரளாவுக்குப் போய்ப் போய் வருகிறவர், ஆகவே அவள் முட்டை அறையில் தீவனச் சாக்கின் மேல் தூங்கி, தீவனச் சாக்கின் மேல் விழித்து, அம்மா என்றால் எப்போதும் நின்றுகொண்டிருக்கிற ஒருத்தி என்று நினைத்து வளர்ந்தவள்.

லீவு வேண்டுமென்றால் மாற்றாள் விட வேண்டும் என்பது பண்ணையின் சட்டம். மாற்றாளாக வரக்கூடியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே மற்ற ஏழு ஷெட்டில் நின்றுகொண்டிருந்ததால், அந்தச் சட்டத்துக்கு லீவு கிடையாது என்று பொருள்.

எனக்கு உட்கார வேண்டும் என்று ஆசை வந்தது. பெரிய ஆசையெல்லாம் இல்லை, ஒரு நாற்காலி, மேலே ஒரு ஃபேன், வாரத்தில் ஒரு நாள் வீடு. தீவனக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பன்னிரண்டாவது வரைக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தைரியத்தில், வாரம் மூன்று நாள் நாலு மணி முட்டையைச் செல்லாயக்காவிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி நாமக்கல் போய்க் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். பாடம் முடிந்தது, பரீட்சை வந்தது. முதல் பரீட்சை அன்று வெயிலுக்குக் கோழிகள் சாக ஆரம்பித்தன, போக முடியவில்லை. இரண்டாவது பரீட்சை அன்று மாற்றாள் கிடைக்கவில்லை.

"மூணாவது தடவையும் வரலைன்னா பேரை எடுத்துருவாங்க கோகிலவாணி," என்றார் சொல்லிக்கொடுக்கிற திவாகர் சார். "அடுத்த மாசம் முதல் புதன்கிழமை காலையில பத்து மணி. எழுதி வெச்சுக்குங்க."

"முட்டை மேலயே எழுதி வெச்சுக்கறேங் சார்," என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன்.

அந்தப் பரீட்சைக்காக அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது எழுத்து முக்கோணம். நாலே வரிதான் எழுத வேண்டும், எழுதி பட்டனை அழுத்தினால் திரையில் இப்படி வந்து நிற்கும்:

அ
அ ஆ
அ ஆ இ
அ ஆ இ ஈ
அ ஆ இ ஈ உ

மற்ற பிள்ளைகள் இங்கிலீஷ் எழுத்துப் போட்டார்கள், நான் எனக்குப் பழகினதைப் போட்டேன். முதல் வரி, எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கொண்டு போகும். இரண்டாவது வரி, அந்த வரிசைக்குள் எத்தனை எழுத்து என்று எண்ணும். மூன்றாவது வரிதான் எழுத்தை அச்சடிக்கும். நாலாவது வரி வெறும் பிரிண்ட். அது எதையும் அச்சடிக்காது, வரிசை முடிந்தது, கீழே இறங்கு என்று மட்டும் சொல்லும். காலேஜ் பிள்ளைகளுக்கே இது மண்டையில் ஏறாமல் விழித்தார்கள், எனக்கு ஏறியது, ஏனென்றால் முட்டை அட்டையில் வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை, முப்பது குழி. இந்த முக்கோணம் சரியாகப் பதினைந்து குழி, பாதி அட்டை. தலைகீழாகப் போட்டால் மிச்சப் பாதி. "எங்க படிச்சீங்கம்மா இதை?" என்று கேட்டார் சார். "மூணாவது ஷெட்டுலங் சார்," என்றேன்.

நான் முதல்முதலாகத் தப்பில்லாமல் எழுதி பட்டனை அழுத்தியபோது மணி நாலரை. அப்போது இருபது கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஷெட்டில், அன்றைய முட்டையை எல்லாம் இட்டு முடித்துவிட்டுத் தூங்கி விழுந்துகொண்டிருந்த கோழிகள் மறுபடியும் எழுந்து நின்று, முதல் கூண்டில் ஒரு முட்டை, இரண்டாவது கூண்டில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நாலாவதில் நாலு, ஐந்தாவதில் ஐந்து, மறுபடியும் ஒன்று, மறுபடியும் இரண்டு என்று ஷெட்டின் கடைசி வரைக்கும் இட்டன, ஒவ்வொரு முட்டையின் அடிப்பக்கத்திலும் மருதாணி நிறத்தில் ஓர் எழுத்து இருந்தது, எழுத்துகள் வரிசை மாறாமல் இருந்தன.

செல்லாயக்கா ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்தார், போகவில்லை, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. "எழுத்துப் போட்டா போட்டுட்டுப் போகட்டும், எடையா கூடுது?" என்று சொல்லி அடுக்க ஆரம்பித்தார். நான் திரும்பி வந்து, இதே எழுத்தைத்தான் நாலரை மணிக்கு அங்கே போட்டேன் என்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏன் புள்ள, இத்தனை நேரங்கெட்ட நேரத்துல வேலை வெச்சுட்டுப் போயிட்டியே," என்பதுதான்.

திவாகர் சார் அதே நாலு வரியைத் தினமும் இருபது பேருக்குப் போட்டுக் காட்டுகிறார், ஒரு குருவிகூட முட்டையிட்டதில்லை. என் விரலுக்கு மட்டும் ஏன் என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது. முட்டை வியாபாரி முதல் நாள் அட்டையைத் திருப்பி அனுப்பினார், எழுத்துள்ள முட்டை கெட்டுப்போனதாக இருக்கும் என்றார். இரண்டாம் நாள் உடைத்து ஊற்றிப் பார்த்து எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் எழுத்தில்லாத முட்டையைத் திருப்பி அனுப்பினார். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மா பண்ணைக்கே வந்து சண்டை பிடித்தார், இனியனுக்கு 'இ' வேண்டுமாம், உதயாவுக்கு 'உ' வேண்டுமாம், எழுபது பிள்ளைகளுக்கும் அவரவர் முட்டையைத் தேடிப் பொறுக்கிப் போட அவருக்குக் கை எத்தனை என்று கேட்டார். பிள்ளையார் கோயில் பூசாரி 'உ' மட்டும் தனியாகக் கேட்டு ஆள் அனுப்பினார், முட்டை என்பது நினைவு வந்து, அவரே வேண்டாம் என்றும் ஆள் அனுப்பினார். நான் தினமும் காலையில் என் போனிலேயே அந்த நாலு வரியை ஓட்டினேன், ஒரு நாள் ஆசைக்கு ஆய்த எழுத்து வரைக்கும் நீட்டிப் போட்டேன். அன்றைக்கு வந்த ஃ முட்டை ஒவ்வொன்றிலும் மூன்று மஞ்சள் கரு இருந்தது, பரிமளா அதில் ஒன்றை ஆம்லெட் போட்டு மூன்று பேருக்கும் பங்கு வைத்தாள், நின்றுகொண்டே தின்றோம். பத்து நாளில் எல்லாம் பழகிவிட்டது. மழை வருமா என்று பார்ப்பதுபோல இன்றைக்கு எந்த எழுத்து வரைக்கும் என்று பார்த்துவிட்டு ஊர் தன் வேலைக்குப் போனது, நாங்களும் போனோம், முதுகு அப்படியேதான் வலித்தது.

பண்ணைக்காரர் பழனிவேலு அண்ணன் கெட்டவர் இல்லை. காலையில் விலை கேட்டு அடிக்கிற போன் இரவு வரைக்கும் அடித்து, கண்ணுக்குக் கீழே கருத்துப்போன மனிதர். வேலை செய்யாத எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். எரியாத பல்பைக் கழற்றுவார், முட்டையிடாத கோழியைக் கழித்துவிடுவார், சும்மா நிற்கிற ஆளை அடுத்த ஷெட்டுக்கு அனுப்புவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் போனில் நான் எழுதிவைத்திருந்ததை எட்டிப் பார்த்தார்.

"இதுல எது எது என்ன பண்ணுது, சொல்லு பாக்கலாம்."

சொன்னேன்.

"அப்ப இந்த நாலாவது வரி?"

"அது ஒன்னும் அச்சடிக்காதுங்ணா. வெறும் வரிங்."

"ஒன்னும் பண்ணாததுக்கு எதுக்கு அங்க இடம்? எடுத்துரு."

அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது, அதுதான் வெட்கம். கோழிப் பண்ணையில் வேலை பார்த்துப் பார்த்து எனக்கும் அதே கண் வந்திருந்தது. திவாகர் சார் சொல்லியிருந்தார், அந்த வரியை விட்டுவிட்டால் எல்லா எழுத்தும் இடையில் முறியாமல் ஒரே வரியில் ஓடும் என்று. அது பரீட்சைக்குச் சொன்னது என்று நினைத்து, எடுத்துவிட்டு அழுத்தினேன்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிய முட்டை நிற்கவில்லை. கூண்டுக்குக் கூண்டு இருந்த இடைவெளி போய், அ, அ ஆ, அ ஆ இ என்று ஒன்றின் முதுகை ஒன்று தள்ளிக்கொண்டு ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சரமாக உருண்டு வந்தது, எடுத்த இடம் கண்ணெதிரிலேயே நிரம்பியது, ஒன்பது மணிக்குச் சாப்பிடவில்லை, பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடவில்லை, தர்ஷிகா சாக்கின் மேல் அழுது ஓய்ந்து தூங்கிப்போனாள், அட்டை தீர்ந்து கூடையில் போட்டோம், கூடை தீர்ந்து சேலையில் ஏந்தினோம், கோழிகளே கண் சொருகிக் கழுத்துத் தொங்கி முட்டையிட்டன, பண்ணைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு தானும் அடுக்க வந்தார், பிறகு பேசாமல் அடுக்கினார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பன்னிரண்டு அட்டை அடுக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த பரிமளா, நடந்துகொண்டிருந்தபடியே தூங்கி, தூங்கியபடியே விழுந்தாள். அவள் எழவில்லை. மஞ்சள் கருவும் எழுத்துமாகக் கிடந்த தரையில் அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"உசுரு இருக்குது," என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துச் சொன்னார் செல்லாயக்கா. "நிறுத்து புள்ள அந்தக் கருமத்தை!"

கை முழுக்க முட்டை, திரை வழுக்கியது, மிச்சமிருந்த மூன்று வரியும் எங்கேயோ போயின. எனக்கு நினைவிருந்தது எடுத்துப் போட்ட அந்த வரி ஒன்றுதான். அதை மட்டும் எழுதி அழுத்தினேன்.

முட்டை நின்றது. எட்டு ஷெட்டிலும் நின்றது. கோழிகள் ஒன்றையொன்று சாய்ந்துகொண்டு பொட்டாட்டம், அசையாமல் உட்கார்ந்தன. தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டது என்று செல்லாயக்கா பிற்பாடு சொன்னார். மறுநாள் விடிந்தும் மத்தியானம் வரைக்கும் ஒரு முட்டை இல்லை. பண்ணைக்காரர் கூட்டி வந்த கால்நடை டாக்டர் பத்துக் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நோவு ஒன்னும் இல்லைங்க. அசந்து தூங்குது," என்று சொல்லிக் கொட்டாவி விட்டார்.

அந்த மத்தியானம் வரைக்கும் நான் முட்டை அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சும்மா. தர்ஷிகா வந்து என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், மடியில் ஏறினாள், இறங்கினாள், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மாக்குக் காச்சலா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் ஏன் உக்காந்திருக்கே?"

செல்லாயக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக, வெறும் வரி எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துப் போட்டால் முட்டை வரும், வெறும் வரி போட்டால் அடுத்த எழுத்தைப் போடுகிற வரைக்கும் வராது. மத்தியானம் பண்ணைக்காரர் வந்து நின்றதும் நாலு வரியையும் ஒழுங்காக எழுதிப் போட்டேன். அவர் நாலாவது வரியைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரிடம் போய் நின்றேன். "நாளைக்குப் பரீட்சைங்ணா. மாத்தாள் இல்லைங். ஒரே ஒரு நாள் வெறும் வரி போட்டுட்டுப் போறேனுங்."

"நல்லா இருக்குதே நாயம்! எனக்கு நாளைக்கு மூணு லாரி நிக்குது. எழுத்துப் போட்டுட்டு, செல்லாயிகிட்டயும் பரிமளாகிட்டயும் உன் பங்கையும் பாத்துக்கச் சொல்லிட்டுப் போ."

அவர்களிடம் சொன்னேன். பரிமளா அன்று விழுந்ததில் கையில் போட்ட கட்டோடு அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீ போ புள்ள, நாங்க பாத்துக்கறோம்," என்றார் செல்லாயக்கா, சொல்லும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை காலை தர்ஷிகாவை அவரிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று, வெறும் வரியை மட்டும் எழுதி அழுத்திவிட்டு பஸ் ஏறினேன்.

பரீட்சை நடக்கிற கட்டடத்து வாசலில் போனை வாங்கி வைப்பதற்கு முன்னால் செல்லாயக்கா கூப்பிட்டார்.

"ஒரு முட்டை இல்ல," என்றார். குரலில் மயக்கம் இருந்தது.

"அண்ணன் சத்தம் போடறாருங்களா?"

"போட வந்தாரு. கட்டில்ல உக்காந்து போனை எடுத்தாரு. அப்பிடியே சாஞ்சுட்டாரு, கொறட்டை கேக்குதா உனக்கு? லாரிக்காரங்க மூணு பேரும் லாரிக்கடியில துண்டு விரிச்சுட்டாங்க."

"பரிமளா?"

"திருச்செங்கோட்டு பஸ்ஸு ஏறிட்டா. மகனுக்கு முறுக்கு வாங்கிட்டுப் போறா, காசு நாங் குடுத்தேன்."

"பாப்பா?"

"என்ற பக்கத்துல. ரெண்டு பேரும் சாக்குல தலை வெச்சுட்டோம். பதினோரு வருசங் கழிச்சுப் பகல்ல கண்ணு சொக்குது, போனை வை புள்ள. நெம்ப சந்தோசமா இருக்குது, வை."

வைத்தேன்.

உள்ளே முப்பது நாற்காலி, மேலே ஃபேன். ஒரு நாற்காலியில் என் நம்பர் ஒட்டியிருந்தது, உட்கார்ந்தேன். கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, ஐந்து வரிசையில் எழுத்து முக்கோணம் ஒன்றை அச்சிடுக என்று. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

நாலு வரியையும் எழுதினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தப்பில்லை என்று அட்டையைக் கண்ணுக்குள் வைத்து வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தேன், தப்பில்லை. பட்டன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதை அழுத்தினால் எனக்குத் தீவனக் கம்பெனி ஆபீஸ், நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை. அழுத்தினால் எட்டு ஷெட்டிலும் கோழி எழுந்து நிற்கும், கட்டிலிலிருந்து அண்ணன் எழுவார், அண்ணன் போடுகிற சத்தத்தில் செல்லாயக்கா எழுவார், என் மகள் எழுவாள், பரிமளாவுக்கு போன் போகும், அவள் முறுக்குப் பொட்டலத்தோடு பாதி வழியில் இறங்கி எதிர் பஸ் ஏறுவாள்.

என்னைச் சுற்றி மற்ற இருபத்தொன்பது திரையிலும் முக்கோணங்கள் வந்துவிட்டன. பரீட்சை வைக்க வந்திருந்த சார் ஒவ்வொருவராகப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து நின்றார். வயதானவர் இல்லை, ஆனாலும் சட்டை காலர் வரைக்கும் களைத்திருந்தார்.

"அவுட்புட் எங்கம்மா?"

"எழுதிட்டனுங் சார்."

"எழுதினா ஆச்சா? ரன் பண்ணிக் காட்டுங்க."

"பண்ணினா முட்டை வந்துருமுங் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எங்க?"

"ஊஞ்சக்காட்டுப்புதூர்லங்."

"எத்தனை?"

"எட்டு ஷெட்டு சார். எடுக்கறதுக்கு இன்னிக்கு ஆள் இல்லைங், எல்லாரும் தூங்கறாங்க."

அவர் கண்ணாடியை உடனே மாட்டிக்கொள்ளவில்லை. "நான் காலையில நாலு மணிக்குச் சேலத்துல பஸ் ஏறினேன்மா," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "இன்னிக்கு இது மூணாவது சென்டர். அவுட்புட் பாக்காம மார்க் போட்டா மேல என்னைக் கேப்பாங்க."

பக்கத்து நாற்காலி காலியாகியிருந்தது. அதை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உக்காருங் சார்," என்றேன். "உக்காந்து, நாலு வரியையும் நீங்களே ஒன்னொன்னா வாசிச்சு மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. கடைசி வரியை வேணும்னா ரெண்டு தடவை வாசிங்க. தப்பிருந்தா ஃபெயில் போட்டுருங்க, நான் ஒன்னும் கேக்க மாட்டேன். சரியா இருந்தா, அந்தப் பட்டனை மட்டும் அழுத்தாம மார்க் போட்டுருங்க சார். அங்க எங்க செல்லாயக்கா இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க."